எங்க உருண்டைக்கு ஒரு பேரு

(திருக்கோவிலூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"சமூக ஊடகத்தில் தனிப்பட்ட பிராண்டும் சமூகமும் உருவாக்குதல்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் படித்த என் வீட்டுக்காரர், "இது ஏதோ காலேஜ் மேடத்துக்குப் போட்ட தலைப்பு, உன் பேருக்கு மாத்தி அச்சடிச்சிட்டாங்க" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பயிற்சியில் இந்த பிராண்டு என்ற வார்த்தையை முதல் தடவை கேட்டபோது, பாத்திரத்துக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் இது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெருவில் நாலு பேர் மோர் விற்றாலும் "அந்த அம்மா மோர்னா தண்ணி கலக்க மாட்டாங்க" என்று ஒரு வீட்டுக்குத்தான் சொம்பை எடுத்துக்கொண்டு போவோம். அதுதான் பேரு. இன்றைக்குத் தெருவுக்குப் பதிலாக செல்போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெண்ணை ஆத்துக்குள்ளே கபிலர் குன்று இருக்கிறது, போகிற வருகிறபோதெல்லாம் பார்க்கிறோம். பாரியையும், நம்ம பக்கத்தை ஆண்ட மலையமான் காரியையும் பாடியவர் அவர். இவ்வளவு வருஷம் கழித்தும் பாரி பேரும் காரி பேரும் நிற்குது என்றால் கபிலர் பாடினதால்தான். ஆனால் அவர்கள் கொடுத்தார்கள், அதற்கப்புறம்தான் பாட்டு வந்தது. எங்கள் குழு இந்த வரிசையை ஒரு தீபாவளிக்கு மாற்றிப் போட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். செஞ்சது நான்தான், அதனால் நானே சொல்வதுதான் முறை.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். சுழல் நிதி வாங்கி, அப்புறம் வங்கிக் கடன் வாங்கி, மல்லாட்டை உருண்டை போடுகிறோம். நம்ம பக்கத்து மல்லாட்டை, நம்ம பக்கத்துக் கரும்பு வெல்லம். மணலில் வறுத்து, தேய்த்து, முறத்தில் தோலைப் புடைத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்வோம். வெல்லப் பாகைத் தண்ணியில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னே இறக்கினால் உருண்டை இளகும், தாண்டினால் பல்லை உடைக்கும். பதம் பார்க்கிறது எங்கள் குழுவில் மூத்தவங்க, எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். சூடு ஆறுவதற்குள் கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு அவங்க உருட்டுகிற வேகம் இன்றைக்கும் எனக்கு வராது.

முதலில் பெட்டிக்கடைகளுக்குத்தான் போட்டோம். தை மாசம் மணலூர்ப்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் ஒரு தார்ப்பாய் விரித்து விற்போம். அன்றைக்கு நல்ல காசு. மறுநாளிலிருந்து மறுபடி பெட்டிக்கடை. அங்கே பாட்டிலில் போட்டு வைத்தால் யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்? திருவிழாவில் வாங்கித் தின்றவர் "எங்க கிடைக்கும்" என்று கேட்டால் சொல்ல ஒரு பேரும் இல்லை, ஊரும் இல்லை.

அப்போதுதான் பயிற்சியில் வீடியோ போடச் சொன்னார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள் நடத்துகிற வில்லேஜ் குக்கிங் சேனலைப் போட்டுக் காட்டினார்கள். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டிப் பெரிய பெரிய அண்டாவில் சமைப்பார்கள். 2018-ல் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் அதே வெட்டவெளி, அதே விறகடுப்பு, அதே சத்தமான குரல். நாளைக்கு ஒரு வேஷம் கட்டவில்லை. சமைத்ததை இல்லாதவர்களுக்கும் வயசானவர்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவதையும் காட்டுவார்கள்.

சரி, நாமும் எடுப்போம் என்றால் யார் முகத்தைக் காட்டுவது? எங்கள் குழுவில் ரெண்டு பேர் புது மருமகள்கள். "எங்க மாமியார் பார்த்தா அவ்ளோதான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வீட்டில் கொழுந்தனார் நேராகவே வந்து "போட்டோவெல்லாம் போட்டீங்க, நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முதலில் கோபப்பட்டேன். அப்புறம் தோன்றியது, பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, படத்தை எடுத்து என்னவெல்லாமோ செய்கிறார்கள். கடைசியில் ஆயாதான் முடிவு சொன்னாங்க: "மூஞ்சி எதுக்குடி? உருட்டுறது கைதானே. கையை எடு."

அப்படித்தான் எடுத்தோம். காலை வெயிலில், எவர்சில்வர் தட்டு, ஆயாவோட ரெண்டு கை, அந்த டங் சத்தம். பாட்டெல்லாம் போடவில்லை. கீழே ஒருத்தர் எழுதியிருந்தார், "எங்க அம்மாயி கை மாதிரியே இருக்கு" என்று. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளை போல. அதைப் படித்துக் காட்டினபோது ஆயா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாங்க.

ஆர்டர் வர ஆரம்பித்தது. கடலூர், புதுச்சேரி, சென்னை. வாங்கினவர்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. நம்ம வாரக் கூட்டம் மாதிரிதான் நடத்தினோம். காலை வணக்கம் படம் அனுப்பக் கூடாது, கட்சி பேசக் கூடாது, எந்தக் கிழமை வறுக்கிறோம் என்று முந்தின நாளே சொல்லிவிடுவோம். கொஞ்ச நாளில் அவர்களே அவர்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் உருண்டையை உடைத்துப் பாலில் போட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன் என்பார். இன்னொருத்தர் வெல்லத்தில் சுக்கு தட்டிப் போடுங்கள் என்பார். போட்டுப் பார்த்தோம், நல்லா இருந்தது, இப்போதும் போடுகிறோம். தலைப்பில் சமூகம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது இதுதான் என்று நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கண்காட்சியில் எங்களுக்குப் பக்கத்துக் கடை போட்டிருந்தவர்கள் கல்வராயன் மலை அக்காமார்கள். சாமை, தினை, புளி, தேன். மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது. "உங்க நம்பர்லயே எங்களதும் போடுங்க" என்று கேட்டார்கள். சந்தோஷமாகப் போட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னாலே தெரியும்.

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு வீடியோ ஓடியது. ஏன் ஓடியது என்று கேட்காதீர்கள், இன்றுவரை புரியவில்லை. அதைவிட நல்லா எடுத்ததெல்லாம் படுத்துவிட்டது. காலையில் போனைத் திறந்தால் ஆர்டர் மேல் ஆர்டர். எங்களால் வாரத்துக்கு நாற்பது கிலோதான் முடியும். வந்தது அதைப்போல் நாலு மடங்கு. காசும் போட்டுவிட்டார்கள். கடன் தவணை கட்ட வேண்டிய மாசம் வேறு. "முடியாது, திருப்பி அனுப்பிடலாம்" என்று கணக்கு எழுதுகிற தங்கச்சி சொன்னாள். நான் கேட்கவில்லை. வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்புவார்களா என்று ஒரு பேச்சு பேசினேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் தயார் உருண்டை நூற்றுச் சொச்சம் கிலோ வாங்கி, எங்கள் கவரில் போட்டு, எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினேன். மூணு பேருக்குத்தான் தெரியும். ஆயாவுக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் ஒருத்தர் எழுதினார், "காறல் அடிக்குது". அப்புறம் இன்னொருத்தர். பழைய மல்லாட்டை. ஒரு அம்மா உருண்டையை உடைத்துக் காட்டி வீடியோவே போட்டுவிட்டார். அதுக்குக் கீழே யாரோ எழுதின ஒரு வரி எனக்கு இன்னும் மறக்கவில்லை: "மகளிர் குழு பொருள்னாலே இப்படித்தான்."

பாருங்கள், எங்கள் பன்னிரண்டு பேரோடு அது நிற்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற ஊறுகாய் போடுகிறவர்கள், மாவு அரைக்கிறவர்கள், பை தைக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டிவிட்டார். அந்த வாரமே மலை அக்காமார்களின் சாமைக்கு வந்திருந்த ஆர்டரை ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சாமையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் நம்பரில் இருந்ததுதான் அது செய்த பாவம்.

கூட்டம் போட்டோம். நடந்ததைச் சொன்னேன். கத்துவார்கள் என்று பயந்துகொண்டு போனேன், கத்தினார்கள். ஆயா மட்டும் கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாங்க: "என் கையைக் காட்டிட்டு எவனோ போட்டதை வித்தியாடி?"

பதில் சொல்ல முடியவில்லை. அவங்க எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு வாரம் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. யார் கொடுப்பது என்பதில் மறுபடியும் சண்டை. "எங்களைக் கேட்காம செஞ்சது நீ, நீயே கட்டு" என்று நாலு பேர் சொன்னதில் தப்பில்லை. அதைத் தீர்மான நோட்டில் எழுதினோம்: பாதி நான், பாதி குழு லாபத்திலிருந்து. என் பாதிக்கு ஒரு ஜோடித் தோடு அடகுக் கடைக்குப் போனது. அடுத்த வருஷம் மீட்டுவிட்டேன், இதோ போட்டிருக்கிறேன்.

அடுத்ததாக ஒரு வீடியோ போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையை எடுக்க மனசு வரவில்லை. அந்த ஒரு தடவை என் முகத்தைக் காட்டினேன். "வாங்கி விற்றது உண்மை, முடிவு எடுத்தது நான், எல்லாருக்கும் பணம் வந்துவிடும், மலைக் குழுவின் சாமைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று நாலே வரி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று போனைப் பிடித்தார். முன்னே போட்டோ வேண்டாம் என்று சொன்ன அந்தக் கொழுந்தனார் தன் நண்பர்களுக்கெல்லாம் அதை அனுப்பியிருக்கிறார், அப்புறம்தான் தெரிந்தது. வாடிக்கையாளர் குழுவிலிருந்து கிட்டத்தட்ட பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினால் "வேண்டாம், அடுத்த தடவை உருண்டையா அனுப்புங்க" என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த நாட்களில் பயிற்சியாளர் மேடம் லிஜ்ஜத் அப்பளக் கதையைச் சொன்னார். 1959-ல் பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள், எண்பது ரூபாய் கடன், மொட்டை மாடியில் முதல் நாள் போட்டது நாலு பாக்கெட் அப்பளம். மாவைப் பிசைந்து கொடுப்பார்கள், அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கொண்டுவருவார்கள். ஆரம்பத்தில் விலை குறைவாக ரெண்டாம் தரமும் ஒன்று போடலாம் என்று நினைத்தார்களாம். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த சகன்லால் பாரேக் என்ற பெரியவர், ஒரே தரம்தான், அதில் குறைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது எந்தப் போனும் கிடையாது. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கதையைக் கேட்டதும் எனக்கு எங்கே சுட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் வடிவேலம்பாளையம் கமலாத்தாள் பாட்டியை எல்லாருக்கும் தெரியும். ஒரு ரூபாய் இட்லி. 2019-ல் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆனந்த் மஹிந்திரா வரைக்கும் பார்த்து உதவ முன்வந்தார், கேஸ் அடுப்பு வந்தது, பின்னாலே வீடும் கட்டிக் கொடுத்தார்கள். வீடியோ எடுத்தது யாரோ. அதுக்கு முன்னே முப்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து மாவு ஊற்றினது அந்தப் பாட்டி. பேர் கிடைத்த பிறகும் விலையை ஏற்றவில்லை. நானாக இருந்தால் அஞ்சு ரூபாய் ஆக்கியிருப்பேனோ என்று யோசித்திருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். நாற்பது கிலோவுக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை. முடிந்ததும் "இந்த வாரம் முடிஞ்சது" என்று போட்டுவிடுவோம். இதில் ஒரு வேடிக்கை, அப்படிப் போட ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வாரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். கவரில் உருட்டின தேதி இருக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், பதினாலு இலக்கம், அதுவும் இருக்கும். சின்ன வியாபாரத்துக்குப் பதிவுக் கட்டணம் கொஞ்சம்தான், அதைக்கூடச் செய்யாமல் இருக்கிற குழுக்கள் இங்கே இருக்கின்றன, எனக்குத் தெரியும், யாரென்று சொல்ல மாட்டேன்.

நம்பர் விஷயத்தில் நாங்கள் பட்ட இன்னொரு அடி. முதலில் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தது ஒரு உறுப்பினரின் மகன். அவன் நம்பர், அவன் மெயில், அவனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு. பையன் வேலைக்கு வெளியூர் போனான், சிம்மை மாற்றினான், பாஸ்வேர்டும் மறந்துபோனது. பழைய பக்கம் இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது, எங்களால் தொட முடியாது. அதனால் குழு பேரில் ஒரு சிம் வாங்குங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, ஒட்டிய கவரில் போட்டு, தீர்மான நோட்டோடு பெட்டியில் வையுங்கள். ஊக்குநர் மாறினால் சாவி மாதிரி அதையும் கை மாற்ற வேண்டும். சொந்த நம்பரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிறவனெல்லாம் உருண்டை வாங்க வந்தவன் கிடையாது. எங்கள் குழுப் போன் எட்டு மணிக்கு அணைந்துவிடும்.

காசு வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. இதை மட்டும் வீட்டில் போய் எல்லாரிடமும் சொல்லுங்கள். ராணுவ முகாமுக்கு மொத்தமாக வேண்டும் என்று ஒருத்தன் இந்தியில் கலந்து பேசி, "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று எங்கள் தங்கச்சி ஒருத்தியிடம் மூவாயிரம் ரூபாயைக் கறந்துவிட்டான். அவள் வெட்கப்பட்டு மூணு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்படி நடந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

யூடியூபில் சம்பாதிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். விளம்பரப் பணம் வர ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், ஒரு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நம்பி வறுக்கிற சட்டியைக் கவிழ்க்காதீர்கள். அதைவிட, வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம்ம நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். எங்களுக்கு இது தெரியாமல் ஆறு மாசம் காத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொரு பார்சலிலும் "நம்பரைச் சேமிச்சு வையுங்க" என்று ஒரு துண்டுச் சீட்டு.

அரசாங்கம் "மதி" என்று ஒரே பேரில் நம்ம பொருட்களையெல்லாம் விற்கிறது. நம்ம சொந்தப் பேரும் வேண்டும், அந்தப் பொதுப் பேரும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பொதுப் பேரில் போகும்போது ஒருத்தர் கவரில் காறல் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

மலை அக்காமார்கள் இந்த வருஷம் தனி நம்பர் வாங்கிவிட்டார்கள். கோபத்தில் போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள், கோபம் கொஞ்சம் இருந்தது, அது வேறு. சாமை குத்துகிற வீடியோ அவர்களே எடுக்கிறார்கள். மேலே சிக்னல் இல்லாததால் கீழே இறங்குகிற அன்றைக்கு ஏற்றுகிறார்கள். அவர்கள் குழுவில் ஐந்து பேர் முகம் காட்டித்தான் பேசுகிறார்கள். எங்களைவிட தைரியசாலிகள்.

ஆயா மூணாவது வாரம் வந்தாங்க. ஒன்றும் பேசவில்லை, அடுப்புப் பக்கம் போய்ப் பாகைப் பார்த்தாங்க. "இன்னும் ரெண்டு நிமிஷம் விடு" என்றாங்க. கையை மறுபடி வீடியோ எடுக்க விட்டது பொங்கலுக்குத்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவி அக்கா மணிக்கட்டைக் காட்டுகிறார்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், நானும் கணக்குத் தங்கச்சியும் இருப்போம். போனோடு சார்ஜரும் கொண்டுவாருங்கள், அங்கே ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பெட்டி நான் எடுத்துவருகிறேன். வெளியே மேசையில் உருண்டை வைத்திருக்கிறோம், நேற்று உருட்டினது, தேதி பார்த்து எடுங்கள்.